உட்கார ஒரு பெஞ்சு

அம்மா முதல் தடவை அமெரிக்கா வந்திருந்தபோது நடந்தது. கிழக்குக் கரையில் ஒரு பெரிய ரயில் நிலையம். பெயர் வேண்டாம், வேறு பத்து நிலையங்களிலும் இதேபோல நடக்கக்கூடியதுதான். வண்டி நாற்பது நிமிடம் தாமதம் என்று பலகையில் போட்டுவிட்டார்கள். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் கூரை, கீழே பளபளவென்று தரை, சுற்றிலும் காபிக் கடை, பூக்கடை, பத்து டாலருக்கு ஒரு சாண்ட்விச் விற்கும் கடை. அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம். நான் ஒரு சுற்று சுற்றி வந்தேன். உட்கார இடமே இல்லை. டிக்கெட் உள்ளவர்களுக்கென்று ஒரு மூலையில் தடுப்புப் போட்ட இடம் இருக்கிறது என்றார்கள். போய்ப் பார்த்தால் அது நிரம்பி வழிந்தது.

திரும்பி வருவதற்குள் அம்மா அங்கிருந்த அகலமான படிக்கட்டின் கடைசிப் படியில் சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சீருடைக்காரர் ஒருவர் அவள் முன்னால் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மரியாதையாகத்தான் சொன்னார், அதை மறைக்கக்கூடாது. அவர் இங்கிலீஷ் அம்மாவுக்குப் புரியவில்லை. டிக்கெட் கேட்கிறார் என்று நினைத்துக் கைப்பைக்குள் துழாவி எடுத்து நீட்டினாள். அவர் அதைப் பார்க்கவில்லை. படியைக் காட்டி, இங்கே உட்காரக்கூடாது என்று கையாலும் சொன்னார். அம்மா டிக்கெட்டை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் நீட்டினாள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து எழுப்பினேன். மீதி நேரம் முழுக்கப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள்.

வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். "ஏண்டி, இம்புட்டுப் பெரிய ஸ்டேஷன் கட்டுனவன், ஒரு பெஞ்சு போட மாட்டானா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சாத்தூர் ஸ்டேஷனில் சிமெண்ட் பெஞ்சுகளைப் பார்த்தே வளர்ந்தவளிடம் எதைச் சொல்வது? ஏதோ சமாளித்தேன். ஆனால் கேள்வி என்னோடு தங்கிவிட்டது. அதற்குப் பிறகு எந்த ஊர் நிலையத்துக்குப் போனாலும் முதலில் பெஞ்சைத்தான் தேடுகிறேன். பெஞ்சைத் தேடிக்கொண்டு போனால் இந்த நாட்டு ரயில் நிலையங்களின் கதை வேறு மாதிரி தெரிகிறது. அதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

கூரைகளின் கதை

நியூ ஜெர்சியில் குடியிருந்துகொண்டு மன்ஹாட்டனுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு பரம்பரைக் கதை உண்டு. இப்போது நாம் எலிவளையில் நுழைவதுபோல நுழைகிற பென் ஸ்டேஷன் ஒரு காலத்தில் கோயில்போல இருந்தது என்பதே அந்தக் கதை. பொய்யில்லை. 1910-இல் திறந்த அந்த நிலையத்தின் பெரிய காத்திருப்புக் கூடத்தை ரோமாபுரியின் காரகல்லா குளியல் மண்டபத்தைப் பார்த்துக் கட்டினார்கள். உயரம் 150 அடி. வெளியே 84 கருங்கல் தூண்கள். வாசலில் கல்லில் செதுக்கிய கழுகுகள். பெரும்போரின் கடைசி வருடமான 1945-இல் 10 கோடிக்கு மேற்பட்ட பயணிகள் அதன் வழியாகப் போனார்கள். பிறகு காரும் விமானமும் வந்தன, ரயில் கம்பெனிக்குக் கையைக் கடித்தது. நிலையத்துக்கு மேலிருந்த வெற்றிடத்தை, அதாவது அங்கே கட்டிக்கொள்ளும் உரிமையை, விற்றார்கள். 1963 அக்டோபரில் இடிக்கத் தொடங்கினார்கள். மேலே விளையாட்டு அரங்கம், அலுவலகக் கோபுரம். ரயில்கள் மட்டும் ஒரு நாள்கூட நிற்காமல் அடியில் ஓடிக்கொண்டே இருந்தன.

இடித்த கல்லை எங்கே கொட்டினார்கள் தெரியுமா? நியூ ஜெர்சியில், செகாக்கஸ் பக்கத்துச் சதுப்பு நிலத்தில். நான் தினமும் வண்டியில் கடக்கிற அதே நாணல் காடுதான். தூண்கள், சிலைகளின் உடைந்த பாகங்கள் எல்லாம் அங்கே கிடந்த புகைப்படங்கள் இருக்கின்றன. தப்பிப் பிழைத்த கழுகுகள் சில ஊர் ஊராகப் போய்விட்டன, நான்கு பிலடெல்பியாவில் ஒரு பாலத்தின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. கழுகுகளுக்காவது உட்கார இடம் கிடைத்தது என்று அம்மா சொல்லியிருப்பாள்.

இந்த இடிப்பு கிளப்பிய ஆத்திரம் வலு சேர்த்ததில்தான் 1965-இல் நியூயார்க் நகரம் பழைய கட்டடங்களைக் காக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. அடுத்த பலி கிராண்ட் சென்ட்ரலாக இருந்திருக்கும். அதன் தலையில் 55 மாடிக் கோபுரம் ஒன்றைத் தூக்கி வைக்க 1968-இல் திட்டம் போட்டார்கள். நகரம் மறுத்தது. ரயில் கம்பெனி வழக்குப் போட்டது. ஜாக்குலின் கென்னடி ஒனாசிஸ் முதல் பலர் தெருவில் இறங்கினார்கள். 1978-இல் உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இது எல்லோருக்கும் தெரிந்த கதை, எந்தச் சுற்றுலா வழிகாட்டியும் சொல்லிவிடுவார்.

ஆனால் கவனித்தால் இந்தக் கதையில் வருவதெல்லாம் கூரையும் தூணும்தான். கட்டியது யார், இடித்தது யார், காப்பாற்றியது யார். அங்கே காத்திருந்தவர்கள் யார் என்பது வராது. காப்பாற்றப்பட்ட கிராண்ட் சென்ட்ரலின் பழைய காத்திருப்பு அறைக்கு இப்போது வாண்டர்பில்ட் ஹால் என்று பெயர். ஐந்து பெரிய சரவிளக்குகள் தொங்குகின்றன, கண்காட்சிகளும் விழாக்களும் நடக்கின்றன. வரிசை வரிசையாக இருந்த மர பெஞ்சுகளைக் காணோம். கட்டடத்தைக் காப்பாற்றிவிட்டு அது எதற்காகக் கட்டப்பட்டதோ அதை எடுத்துவிட்டார்கள். பென் ஸ்டேஷனின் பாரத்தைக் குறைக்க 2021 ஜனவரி 1 அன்று எதிர்த்தெருவில், பழைய தலைமைத் தபால் நிலையக் கட்டடத்துக்குள், மொய்னிஹன் கூடத்தைத் திறந்தார்கள். கண்ணாடிக் கூரை அருமை. நட்ட நடுக் கூடத்தில் பெஞ்சு கிடையாது என்பதைத் திறந்த அன்றே பத்திரிகைகள் எழுதின.

டீப்போ

பெருநகரத்தை விட்டுவிட்டுச் சின்ன ஊர்களைப் பார்க்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். அங்கே ஸ்டேஷன் என்று சொல்ல மாட்டார்கள், 'டீப்போ'. நமக்கு டெப்போ என்றால் ராத்திரி பஸ் தூங்குகிற இடம். இவர்களுக்கு அது ஊரின் வாசல்.

மேரிலாண்டில் எல்லிகாட் சிட்டி என்றொரு சிற்றூர் இருக்கிறது. நாட்டிலேயே மிஞ்சியிருக்கிற மிகப் பழைய ரயில் நிலையம் அங்கேதான், 1830-31 வாக்கில் கட்டிய கருங்கல் கட்டடம். போன வருடம் பார்க்கப் போனேன். அதை முதலில் சரக்குக்காகத்தான் கட்டினார்களாம். மாவு மூட்டைக்குக் கூரை இருந்தது. மனிதர்கள் பக்கத்திலிருந்த விடுதியில் காத்திருந்தார்கள். பயணிகளுக்கு இடம் ஒதுக்கியது பிற்பாடு வந்த யோசனை. இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவின் கேள்விக்கு ஏறக்குறைய இருநூறு வயது.

பிறகு வந்த டீப்போக்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சு. ஒரு முனையில் சரக்கு அறை, மறு முனையில் காத்திருப்பு அறை, நடுவே ஏஜெண்டின் அலுவலகம். அலுவலகத்தின் ஜன்னல் மட்டும் தண்டவாளப் பக்கம் வயிறுபோல முன்னால் புடைத்திருக்கும். உட்கார்ந்த இடத்திலிருந்தே இரண்டு திசையும் பார்க்கலாம். டிக்கெட் கொடுப்பது, தந்தி அடிப்பது, மூட்டையை நிறுப்பது எல்லாம் அந்த ஒரே ஆள். 1916 வாக்கில் இந்த நாட்டில் 2,54,000 மைல் இருப்புப்பாதை இருந்தது. எத்தனை டீப்போ இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். செய்தி அங்கேதான் முதலில் வந்தது, தபால் அங்கே வந்தது, சவப்பெட்டியும் அங்கேதான் வந்திறங்கியது. நேரமே அங்கிருந்துதான் வந்தது. 1883 நவம்பர் 18 வரை ஒவ்வொரு ஊரும் தன் தலைக்கு மேல் சூரியன் வருவதைப் பார்த்து மத்தியானம் வைத்துக்கொண்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை ரயில் கம்பெனிகள் நாட்டை மண்டலங்களாகப் பிரித்துக் கடிகாரங்களைத் திருத்தின. நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்க 1918 ஆனது. அதுவரை அரசாங்கத்தைக் கேட்காமலே ஊர் டீப்போ கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது நெப்ராஸ்காவின் நார்த் பிளாட். 1941 டிசம்பர் 17. போருக்குப் போகும் தங்கள் ஊர்ப் பையன்கள், டி கம்பெனி என்ற படைப்பிரிவின் வீரர்கள், ரயிலில் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஊர்க்காரர்கள் பலகாரத்தோடும் பரிசுகளோடும் நிலையத்தில் குளிரில் காத்திருந்தார்கள். வண்டி வந்தது. டி கம்பெனிதான், ஆனால் கன்சாஸ் மாநிலத்து டி கம்பெனி! ஒருவர் முகமும் தெரியாது. கொஞ்ச நேரம் திகைத்து நின்றுவிட்டு, கொண்டுவந்ததை எல்லாம் அந்த அந்நியப் பையன்களுக்கே கொடுத்துவிட்டார்கள். ரே வில்சன் என்ற இளம்பெண், மருந்துக்கடையில் வேலை பார்த்தவர், இதைத் தினமும் ஏன் செய்யக்கூடாது என்று உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். கிறிஸ்துமஸ் அன்று தொடங்கி 1946 ஏப்ரல் 1 வரை நடந்தது. வண்டி நிற்பது பத்து நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடத்தில் காபி, சாண்ட்விச், முட்டை, அன்றைக்குப் பிறந்தநாள் என்று யாராவது சொன்னால் ஒரு முழு கேக். சுற்றுவட்டாரத்தில் 125 ஊர்கள் முறைபோட்டுக்கொண்டு சமைத்தன. சுமார் 60 லட்சம் வீரர்கள் சாப்பிட்டுப் போனார்களாம். சர்க்கரைக்கும் பெட்ரோலுக்கும் ரேஷன் இருந்த காலம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நிலையத்தை 1973-இல் இடித்துவிட்டார்கள்.

இதை அம்மாவிடம் போனில் சொன்னேன். "பாத்தியா, அந்தக் காலத்து மனுசங்க" என்று ஆரம்பித்துவிட்டாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்து டீப்போ, அந்தக் காலத்துப் பெஞ்சு, அந்தக் காலத்து மனிதர்கள். இந்தக் கட்டுரையை அப்போதே எழுதியிருந்தால் அந்த ராகத்திலேயே எழுதி முடித்திருப்பேன்.

இரண்டு ஜன்னல்

வட கரோலினாவில் கேரியில் ஒரு தோழி இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, ஒரு மணி நேரத் தொலைவில் ஒரு சிற்றூரில் பழைய டீப்போவை அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள் என்று கூட்டிப்போனாள். மஞ்சள் வண்ணம் பூசிய மரக் கட்டடம். ரயிலில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் சம்பளமில்லாமல் சுற்றிக் காட்டுகிறார். எங்களைத் தவிர யாரும் இல்லை. நான் ஆர்வமாகக் கேள்வி கேட்பதைப் பார்த்து, உள்ளே வாருங்கள் என்று ஏஜெண்டின் அறைக்குள் அழைத்துப்போனார். தந்திக் கருவி, லாந்தர், சுழலும் மர நாற்காலி. உட்காருங்கள் என்றார்.

உட்கார்ந்தேன். முன்னால் அந்தப் புடைத்த ஜன்னல், தண்டவாளம் இரண்டு பக்கமும் தெரிந்தது. இடது கைப்பக்கம் திரும்பினால் டிக்கெட் ஜன்னல், அதற்கு அந்தப் பக்கம் காத்திருப்பு அறை, அழகான பெஞ்சுகள். "இப்போது வலது பக்கம் திரும்புங்கள்" என்றார் பெரியவர். திரும்பினேன். அங்கும் ஒரு டிக்கெட் ஜன்னல். கொஞ்சம் சின்னது. அதற்கப்பால் இன்னொரு அறை.

ஒரு கட்டடத்துக்கு எதற்கு இரண்டு காத்திருப்பு அறை என்று கேட்கிற அளவுக்கு நான் அப்பாவி இல்லை. வெள்ளையர்க்குத் தனி, கறுப்பர்க்குத் தனி என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து என் இடுப்பையே இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தது வேறு மாதிரி இருந்தது. பெரியவர் மெதுவாகச் சொன்னார்: இடது ஜன்னலில் ஆள் தீர்ந்த பிறகுதான் நாற்காலி வலது பக்கம் திரும்பும். வண்டி வந்துவிட்டால் திரும்பாமலே போவதும் உண்டு. வலது பக்கத்து ஆட்கள் டிக்கெட் இல்லாமலே ஏறி, உள்ளே கண்டக்டரிடம் கெஞ்சவேண்டும். அவர் சின்னப் பையனாக இருந்தபோது இடது பக்க அறையில் உட்கார்ந்திருக்கிறாராம். வலது அறைக்குள் அருங்காட்சியகம் வந்த பிறகுதான் முதன்முதலாகக் காலெடுத்து வைத்தாராம்.

இடது அறைப் பெஞ்சுகளின் நடுவில் இரும்புக் கைப்பிடிகள் இருந்தன. வேலை தேடி ஊர் ஊராகத் திரிகிறவர்கள் படுத்துவிடக்கூடாது என்பதற்காக அப்போதே வைத்தது என்றார். வலது அறையில் பெஞ்சே இல்லை. அது இப்போது பரிசுப் பொருள் கடை. மர ரயில் விசில் விற்கிறார்கள். நானும் ஒன்று வாங்கினேன், ஆறு டாலர்.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்த நாற்காலிதான் சுழன்றுகொண்டிருந்தது. 'அந்தக் காலத்தில் எல்லோருக்கும் பெஞ்சு இருந்தது' என்று நான் நினைத்ததில் அந்த 'எல்லோருக்கும்' எவ்வளவு சின்னது! தெற்கிலிருந்து வடக்கே பிழைக்கப் போன கறுப்பினக் குடும்பங்கள், 1910-களிலிருந்து 1970 வரை சுமார் 60 லட்சம் பேர், அவர்களில் பலர் இந்த வலது பக்க அறைகளிலிருந்துதான் கிளம்பினார்கள். ரயிலின் சாப்பாட்டுப் பெட்டியில் இடம் தரமாட்டார்கள் என்பதால் ஷூ வாங்கிய அட்டைப்பெட்டியில் கோழியும் ரொட்டியுமாகக் கட்டுச்சோறு. சிகாகோவில் மிச்சிகன் ஏரியைப் பார்த்தபடி இருந்த பன்னிரண்டாம் தெரு நிலையத்தில் இறங்கியவர்கள் பலருக்கு, வெள்ளையர், கறுப்பர் என்று பலகை மாட்டாத பெஞ்சில் உட்கார்ந்தது வாழ்க்கையில் அதுவே முதல் தடவையாக இருந்திருக்கும். அந்த நிலையமும் இப்போது இல்லை, 1974-இல் இடித்தாயிற்று.

அன்றிரவு அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம தாத்தாவும் சொல்வாரு. நம்மூரு ஸ்டேஷன்லயும் பிராமணாளுக்குத் தனியா, மத்தவுகளுக்குத் தனியா சாப்பாட்டு எடம் இருந்துச்சாம்" என்றாள். 1941-இல் பெரியார் போராடி எடுக்கவைத்தது அது. அம்மாவே அதை எடுத்துச் சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பர்மிங்ஹாமில் இருந்த டெர்மினல் ஸ்டேஷனைப் பற்றி இந்த வெறியில்தான் படிக்கத் தொடங்கினேன். அலபாமாவில் 1909-இல் கட்டியது, நடுவே பெரிய குவிமாடம், இரண்டு பக்கமும் கோபுரம். மாநிலம் விட்டு மாநிலம் போகும் ரயில்களிலும் அந்தப் பயணிகளின் காத்திருப்பு அறைகளிலும் பிரித்து உட்காரவைப்பது கூடாது என்று மத்திய வணிகப் போக்குவரத்து ஆணையம் 1955 நவம்பரில் உத்தரவு போட்டது. 1956 ஜனவரி 10 முதல் அமல். தெற்கே பல ஊர்களில் மதிக்கவில்லை. பலகையை மட்டும் கொஞ்சம் மாற்றி எழுதிச் சமாளித்த ஊர்கள் உண்டு. 1957 மார்ச் 6 அன்று கறுப்பினப் பாதிரியார் பிரெட் ஷட்டில்ஸ்வொர்த்தும் மனைவி ரூபியும் அங்கே போனார்கள். இரண்டரை மாதம் முன்பு, கிறிஸ்துமஸ் இரவில், அவர் வீட்டைக் குண்டு வைத்துத் தகர்த்திருந்தார்கள். அவர்கள் அட்லாண்டாவுக்கு டிக்கெட் வாங்கினார்கள். அட்லாண்டா பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது, அப்போதுதான் அந்த உத்தரவு பொருந்தும். எவ்வளவு நிதானமாக யோசித்திருக்கிறார்கள் பாருங்கள். வாங்கிக்கொண்டு, வெள்ளையர் காத்திருப்பு அறைக்குள் போய், பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வெளியே கும்பல் கூடியிருந்தது. அவர்களுக்கு ஆதரவாக வந்து பேசிய ஒரு வெள்ளைக்காரரைக் கும்பல் துரத்தி அவர் காரைக் கல்லால் அடித்தது. கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்துவிட்டு, வண்டி வந்ததும் ஏறிப்போனார்கள்.

உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான் அவர்கள் செய்த குற்றம். கையில் டிக்கெட் இருந்தது. இதைப் படித்தபோது அம்மா நீட்டிய டிக்கெட் கண்முன்னே வந்தது. இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை, சொன்னால் அது அபத்தம். அம்மாவை எழுப்பியவரே கறுப்பினத்தவர்தான். அந்தப் பெஞ்சுக்காக யாரும் யார் மேலும் கல்லெறியவில்லை. ஆனாலும் வந்தது.

பர்மிங்ஹாம் நிலையத்தை 1969-இல் இடித்தார்கள். சட்டப்படி அந்தக் கூடத்தில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்று ஆகிச் சில வருடம்கூடச் சரியாக ஆகவில்லை.

ஒவ்வொன்றாக

எல்லாம் இதே வரிசையில்தான் போயின என்று ஒரு சதிக் கதை எழுத ஆசையாக இருக்கிறது. எழுதினால் தப்பு. பணக் கணக்குதான் பெரும்பாலும். 1956-இல் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. 1967-இல் தபால்துறை ரயிலில் தபால் அனுப்புவதைப் பெருமளவு நிறுத்தியது. பயணி இல்லாமல் ஓடிய வண்டிகளைத் தாங்கிக்கொண்டிருந்ததே அந்தத் தபால் வருமானம்தான். 1971 மே 1 அன்று நாடு முழுவதுக்குமான பயணி ரயில் நிறுவனமாக ஆம்ட்ராக் தொடங்கியபோது அதுவரை மிஞ்சியிருந்த பயணி வண்டிகளிலேயே சுமார் பாதி ஒரே ராத்திரியில் நின்றன. ஆம்ட்ராக் கட்டிய சிறு நிலையங்களுக்கு ஜனங்கள் வைத்த பட்டப்பெயர் 'ஆம்ஷாக்', அதாவது ஆம்ட்ராக் குடிசை. பெஞ்சு என்னவோ அங்கே இருந்தது, பிளாஸ்டிக்கில்.

டெட்ராய்ட் கதை இன்னும் விசித்திரம். கிராண்ட் சென்ட்ரலை வடிவமைத்த அதே கம்பெனிகள், அதே 1913-ஆம் ஆண்டு, அங்கே மிச்சிகன் சென்ட்ரல் நிலையத்தைக் கட்டின. தலைமேல் 18 மாடி அலுவலகம். 1967-இல் செலவு தாங்காமல் பிரதான வாசலையும் காத்திருப்புக் கூடத்தின் பெரும்பகுதியையும் மூடிவிட்டு, பயணிகளைக் கார் நிறுத்துமிடத்துக் கதவு வழியாக விட்டார்கள். 1988 ஜனவரியில் கடைசி வண்டி. அப்புறம் முப்பது வருடம் பாழ். 2018-இல் ஃபோர்டு வாங்கியது. வாங்கிய செய்தி வந்ததும், எப்போதோ அங்கிருந்து திருடுபோன கடிகாரத்தை யாரோ பெயர் சொல்லாத ஆள் போனில் தகவல் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். 2024 ஜூனில் பிரமாதமாகத் திறந்தார்கள். கூடம் பளபளக்கிறது, கடிகாரம் இருக்கிறது. ரயில்தான் வருவதில்லை. டெட்ராய்ட்டில் வண்டி ஏற வேறொரு பக்கத்திலிருக்கும் சின்னக் கட்டடத்துக்குப் போகவேண்டும்.

சின்சினாட்டி தெருவுக்கு அடியில் 1920-களில் தோண்டிய சுரங்க ரயில் பாதையில் இரண்டு மைலுக்கு மேல் அப்படியே கிடக்கிறது. மேடைகள்கூடக் கட்டியாயிற்று. ஒரு வண்டியும் ஓடியதில்லை. அந்த மேடைகளில் நின்று தாமதத்தைத் திட்டியவர்கள் யாருமே இல்லை என்பதில் ஒரு அழகு இருக்கிறது.

நியூயார்க் சப்வேக்கு வருகிறேன். 1904 அக்டோபர் 27 அன்று திறந்தபோது, முதல் வண்டியைச் சும்மா சம்பிரதாயத்துக்குக் கிளப்பிவைக்க வந்த மேயர் மெக்லெல்லன் கைப்பிடியை விட மறுத்து வெகுதூரம் தானே ஓட்டிப்போனார். ஐந்து சென்ட் டிக்கெட், 1948 வரை அதே விலை. அடுத்த வண்டி சில நிமிடத்தில் வந்துவிடும் என்ற இடத்திலும் மர பெஞ்சு போட்டிருந்தார்கள். கடந்த சில வருடங்களில் சில நிலையங்களில் அதற்குப் பதிலாகச் சாய்ந்துகொள்ளும் கட்டை வந்திருக்கிறது. இடுப்பு உயரத்தில் சரிவாக ஒரு மரத்துண்டு. உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. வெறுமனே ஒட்டிக்கொண்டு நிற்கலாம்.

ஏன் என்று கேட்டால் யாரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் பதில் எல்லோருக்கும் தெரியும். வீடில்லாதவர்கள் படுத்துவிடுவார்கள். 1980-களில் கிராண்ட் சென்ட்ரலின் காத்திருப்பு அறையே நூற்றுக்கணக்கானவர்களின் வீடாக இருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் யூனியன் ஸ்டேஷனில் 1939 முதல் இருக்கும் அந்தத் தோல் நாற்காலிகள் இப்போதும் இருக்கின்றன, டிக்கெட் உள்ளவர்களுக்கு மட்டும் என்று கயிறு கட்டியிருக்கிறார்கள். வீடு கொடுக்க முடியாத நகரம் பெஞ்சை எடுக்கிறது. பெஞ்சை எடுத்தால் என் அம்மாவும் நிற்கவேண்டியதுதான்.

இதைக் கோபமாக எழுதிவிட்டுப் படுத்துவிடலாம்தான். ஆனால் போன ஜனவரியில் ஒரு காலை நினைவுக்கு வருகிறது. எங்கள் ஊர்ப் பக்கத்து நிலையம், வெளியே உறையும் குளிர், உள்ளே ஒரே ஒரு நீளப் பெஞ்சு. நான் ஒரு முனையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று கோட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்த ஒரு மனிதர் வந்து மறுமுனையில் உட்கார்ந்தார். நாள்பட்ட வாடை. நான் உடனே எழுந்திருக்கவில்லை, அது அநாகரிகமாகத் தெரியும். ஒரு நிமிடம் கழித்து, ஏதோ அழைப்பு வந்ததுபோல போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து வெளியே போனேன். பதினைந்து நிமிடம் பனியில் நின்றேன். கண்ணாடி வழியாகப் பார்த்தபோது அவர் நான் உட்கார்ந்திருந்த பக்கம் நகரவில்லை. தன் முனையிலேயே நேராக, முதுகு சாயாமல், பள்ளிக்கூடப் பையன்போல உட்கார்ந்திருந்தார்.

அம்மா இந்த மே மாதம் மறுபடி வருகிறாள். நேற்றுப் போனில் பெட்டியில் என்ன வைப்பது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாத்தூர்ச் சேவு இரண்டு கிலோ, மோர் மிளகாய், அப்பாவுடைய பழைய சால்வை. அதோடு ஒரு மடக்கு ஸ்டூல் வாங்கியிருக்கிறாளாம், மருந்துக்கடைக்கு எதிரே பிளாட்பாரத்தில் முந்நூறு ரூபாய்க்கு. ஒன்றரைக் கிலோ எடை. அந்த எடைக்கு இட்லிப் பொடி கொண்டுவரலாமே அம்மா என்றேன்.

"படியிலதான உக்காரக்கூடாதுன்னான்" என்றாள். "ஸ்டூல்ல உக்காரக்கூடாதுன்னு சொன்னானா?"

இட்லிப் பொடி இந்த வருடம் வராது.